ஒரு துளி இரத்தம், ஒரு துண்டுக் காகிதம்

வாசிப்பதற்கு முன் சிந்தித்திடுக

பறித்த தேயிலைக் கொழுந்து ஓரிரு நாளில் கெட்டுவிடுகிறது. அதே கொழுந்திலிருந்து கிடைக்கும் தேயிலைத்தூளோ மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன?

கொழுந்தும் தூளும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்த சிறுநகர் தானா ராத்தா. 1885ஆம் ஆண்டு இப்பகுதியை அளந்து வரைபடமாக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரையே இம்மலை தாங்கி நிற்கிறது. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டு இம்மலைச்சரிவுகளில் தேயிலை விளைந்து வருகிறது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பங்கு வகித்தனர்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பறித்த கொழுந்து காத்திருக்காது. அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். பறித்த நேரத்திலிருந்தே அது மாறத் தொடங்குகிறது. கூடையிலேயே விட்டுவைத்தால் வெம்பிப்போகும். ஆகவே, கொழுந்து அன்றன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கு அதனை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைக்கின்றனர். இலையிலுள்ள நொதிகள் தம் வேலையைச் செய்யும்போது நிறமும் மணமும் உண்டாகின்றன. சரியான பதம் வந்தவுடன் சூடான காற்றில் உலர்த்துகின்றனர். ஏறத்தாழ 3 விழுக்காடு ஈரம் மட்டுமே எஞ்சும்போது நொதிகளின் வேலை நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தத் தூள் கடல் கடந்தும் செல்லலாம்.

நீர் இருந்தால்தான் நொதிகள் செயல்படும். நீர் போனால் அவை முடங்கும். தேயிலைத் தொழிலின் இந்த எளிய உண்மையே மருத்துவத்துறையிலும் பல்லாயிரம் குழந்தைகளின் உயிரைக் காக்கப் பயன்பட்டு வருகிறது. அங்கு உலர்த்தப்படுவது ஒரு துளி இரத்தம்.

வழியில் கெட்டுப்போகும் இரத்தம்

உடலில் நச்சுயிரி, அதாவது வைரஸ், புகுந்துள்ளதா என்பதைத் துல்லியமாக அறிய நுட்பமான கருவிகள் கொண்ட ஆய்வுக்கூடம் தேவை. அத்தகைய ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கின்றன. நோயாளியோ எங்கோ ஒரு கிராமத்தில், தோட்டத்தில், தீவில் இருப்பார். இருவருக்கும் இடையில் இருக்கும் தூரமே பெரிய தடையாகும்.

குப்பியில் எடுத்த இரத்தமும் பறித்த கொழுந்தைப் போன்றதுதான். நேரம் செல்லச் செல்ல அதிலுள்ள அணுக்கள் சிதைகின்றன. நச்சுயிரியின் மரபுப்பொருளை நொதிகள் துண்டுதுண்டாக்கிவிடுகின்றன. இதைத் தடுக்க வேண்டுமானால் சில மணி நேரத்திற்குள் இரத்தத்தைச் சுழற்றி, தெளிந்த பகுதியைப் பிரித்தெடுத்து, உறைநிலையில் வைக்க வேண்டும். சுழற்றும் கருவி, மின்சாரம், உறைபெட்டி, குளிரூட்டிய வண்டி ஆகிய எல்லாமே வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் சோதனை வீணாகும்.

தானா ராத்தாவையே எடுத்துக்கொள்வோம். இங்கு அரசாங்க மருத்துவமனை உண்டு. ஆயினும், தாப்பாவிலிருந்து இங்கு வரும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை முழுதும் வளைவுகளே. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் போக்குவரத்தே நின்றுவிடும். நல்ல சாலையும் மருத்துவமனையும் உள்ள மலைநகருக்கே இந்நிலை என்றால், சாலையே இல்லாத ஊர்களின் நிலை என்ன?

சென்னையிலிருந்து வேலூருக்கு

குளிர்பெட்டியுடன் இரத்தம் பயணம் செய்த ஒரு நிகழ்வு தமிழக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1985ஆம் ஆண்டின் இறுதி. எய்ட்ஸ் நோய் மேலை நாடுகளில் மட்டுமே உள்ளதென்று இந்தியாவில் பலர் எண்ணியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. கிருமி இங்கும் உள்ளதா என்று ஆராயச் சொன்னார்.

நிர்மலாவிடம் போதிய கருவிகள் இல்லை. கையுறைகூட இல்லாமல் அவர் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேறு வசதி இல்லாததால், பிரித்தெடுத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்தார். இக்கிருமியைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. ஆகவே, 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் 80 மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் கிருமிக்கான அடையாளம் தென்பட்டது. பின்னர் அமெரிக்காவில் நடத்திய சோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக இவ்வாறுதான் உலகுக்குத் தெரிந்தது.

நிர்மலாவின் பயணம் பாராட்டுக்குரியது. ஆனால், ஒவ்வொரு நோயாளிக்காகவும் ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியுடன் ரயிலேற முடியாது. நோய் ஊர் ஊராகப் பரவும்போது, மாதிரிகளை எளிதாக அனுப்பும் வழி கட்டாயம் வேண்டும். அந்த வழி ஏற்கெனவே வேறொரு நோய்க்காகக் கண்டறியப்பட்டிருந்தது.

காகிதம் வந்த கதை

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணிபுரிந்தவர் ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர். கத்ரியின் உறவினர் குழந்தை ஒன்றுக்குப் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிநோய் இருப்பது காலந்தாழ்த்தியே தெரியவந்தது. இந்நோயைப் பிறந்த சில நாள்களில் கண்டறிந்து உணவுமுறையை மாற்றினால் மூளைப் பாதிப்பைத் தவிர்க்கலாம். காலந்தாழ்த்தினால் பாதிப்பைச் சரிசெய்ய இயலாது.

எல்லாப் பச்சிளங்குழந்தைகளையும் சோதிக்க வேண்டுமானால் சோதனை மலிவாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும் என்று கத்ரி எண்ணினார். குழந்தையின் குதிகாலில் சிறிதாகக் குத்தி, வரும் இரத்தத்துளியை வடிதாளில் படியவைத்து, உலர்த்தி, அஞ்சலில் அனுப்பும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். அவருடைய ஆய்வு 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் பல நாடுகள் இம்முறையை மேற்கொண்டன. ‘கத்ரி அட்டை’ என்றே அந்தத் தாளுக்குப் பெயர் வழங்கலாயிற்று.

எனினும், கத்ரியின் சோதனை இரத்தத்திலுள்ள ஒரு வேதிப்பொருளையே அளந்தது. நச்சுயிரி அதனினும் மிகமிகக் குறைந்த அளவில் இருக்கும். உலர்ந்த ஒரு துளிக்குள் அதனைத் தேடிப் பிடிக்க இன்னொரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது.

பெருக்கிப் பார்க்கும் முறை

1983ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் கேரி முல்லிஸ், பாலிமரேஸ் தொடர்வினை எனும் முறையை உருவாக்கினார். பி.சி.ஆர். என்று கோவிட் காலத்தில் எல்லாரும் கேட்டறிந்த சோதனை இதுவே. இதற்காக 1993ஆம் ஆண்டு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பெரிய நூலகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத் தேடுவது கடினம். அந்தப் பக்கத்தை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்துக் குவித்துவிட்டால் யார் கண்ணிலும் படும். பி.சி.ஆர். செய்வது இதைத்தான். டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் இரண்டு இழைகளால் ஆனது. ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது இழைகள் பிரிகின்றன. வெப்பத்தைக் குறைத்ததும், தேடும் கிருமிக்கு மட்டுமே பொருந்தும் சிறு துண்டுகள் அவ்விழைகளில் உரிய இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மீண்டும் 72 பாகைக்கு உயர்த்தினால், ஒரு நொதி அவ்விடத்திலிருந்து புதிய இழையைக் கட்டுகிறது. இவ்வாறு ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகிறது.

இரண்டு நான்காகும்; நான்கு எட்டாகும். பத்துச் சுற்றுகளில் ஒன்று 1,024 ஆகும். எல்லாச் சுற்றும் குறைவின்றி நடந்தால், 30 சுற்றுகளில் அதுவே 1,073,741,824 ஆகும். நூறு கோடிக்கும் மேலான இந்த நகல்களைக் கருவி எளிதில் கண்டுகொள்ளும். கிருமி இல்லையெனில், ஒட்ட வேண்டிய துண்டுகள் ஒட்டா; நகலும் பெருகாது.

காகிதத்தில் உலர்ந்த இரத்தத்தில் நச்சுயிரிக்கு உயிர்ப்பாற்றல் இருக்க வேண்டியதில்லை. அதன் மரபுப்பொருள் சிதையாமல் இருந்தால் போதும். உலர்ந்த நிலையில் நொதிகள் முடங்கிக் கிடப்பதால் அது சிதையாமல் காக்கப்படுகிறது. 1990களின் தொடக்கத்திலேயே எச்.ஐ.வி.யை உலர் இரத்தப் பொட்டிலிருந்து பி.சி.ஆர். மூலம் கண்டறியலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினர்.

பதினெட்டு மாதக் காத்திருப்பு

இம்முறையால் அதிகப் பயன் பெற்றவர்கள் கைக்குழந்தைகளே. அதற்கான காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

பெரியவர்களுக்குச் செய்யும் வழக்கமான எச்.ஐ.வி. சோதனை பெரும்பாலும் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஆனால், தாயின் எதிர்ப்பொருள்கள் கருவிலேயே குழந்தைக்குச் சென்றுவிடுகின்றன. அவை பிறந்தபின் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும். ஆகவே, தாய்க்குக் கிருமி இருந்தால், குழந்தைக்குக் கிருமி இல்லாவிட்டாலும் அச்சோதனை ‘உண்டு’ என்றே காட்டும். உண்மை தெரிய ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும்.

குழந்தையால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. கிருமி தொற்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் பிறந்தநாளுக்குள்ளும், பாதிப் பேர் இரண்டு வயதிற்குள்ளும் இறந்துவிடுகின்றனர் என்று ஆப்பிரிக்காவில் திரட்டிய தரவுகள் காட்டின. மாறாக, தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கையளித்தது. நோய் முற்றும்வரை காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே சிகிச்சையைத் தொடங்கியதால் குழந்தை இறப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆக, யாருக்குக் கிருமி உண்டு என்பதைச் சில வாரங்களுக்குள் அறிவது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

பி.சி.ஆர். சோதனை எதிர்ப்பொருளைப் பார்ப்பதில்லை. கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறது. ஆகவே, ஆறு வாரக் குழந்தைக்கும் உண்மையான விடை கிடைக்கிறது. அந்த வயதுக் குழந்தையின் மெல்லிய நாளத்தில் ஊசியேற்றி இரத்தம் எடுப்பது கடினம். குதிகாலில் சிறு குத்து போதும் என்பது தாய்க்கும் ஆறுதல், தாதிக்கும் எளிது.

இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ஆம் ஆண்டு இம்முறையை நாடளாவிய திட்டமாகத் தொடங்கியது. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில் குழந்தையின் இரத்தப் பொட்டுகள் சேகரிக்கப்பட்டு, பி.சி.ஆர். வசதியுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. நிர்மலா பனிக்கட்டிப் பெட்டியோடு ரயிலேறி 24 ஆண்டுகள் கழிந்த நிலையில், இரத்த மாதிரி உறைக்குள் அடங்கும் காகிதமாகிவிட்டது.

பொட்டு எடுக்கும் முறை

பார்ப்பதற்கு இது எளிய வேலையாகத் தோன்றும். எனினும், ஒவ்வொரு படியிலும் கவனம் தேவை.

முதலில், தாதி தம் கைகளைக் கழுவிக் கையுறை அணிகிறார். குழந்தையின் பாதத்தை இதமாகச் சூடாக்கினால் இரத்த ஓட்டம் கூடும். குதிகாலைத் துடைத்து, அது காய்ந்தபின் ஓரப்பகுதியில் குத்துகிறார். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் பெரிய துளியை அட்டையிலுள்ள வட்டத்தில் படியவைக்கிறார்.

இந்த அட்டை சாதாரணத் தாளன்று. பருத்தி இழையால் ஆன தடித்த வடிதாள். அதில் ஐந்து வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டத்தை நிரப்ப ஏறத்தாழ 75 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும். இது ஒரு தேக்கரண்டி அளவில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வட்டம் முழுதும் நிறைந்து, இரத்தம் தாளின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். ஒரு துளியின்மேல் இன்னொரு துளியை விடக்கூடாது. வட்டத்தை விரலால் தொடவும் கூடாது.

அடுத்தது உலர்த்துதல். அட்டையைக் கிடையாக வைத்து, குறைந்தது மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் உலரவிட வேண்டும். வெயிலும் கூடாது, விசிறியின் தூசும் கூடாது. அவசரப்பட்டு அனலில் காட்டினால் மாதிரி கெடும். நன்கு உலர்ந்த பொட்டு செந்நிறம் மாறிக் கரும்பழுப்பாகத் தோன்றும்.

பிறகு, அட்டைகள் ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் மெழுகுத்தன்மையுள்ள தாளை வைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பைக்குள் இடுகின்றனர். ஈரம் புகுந்தால் நிறம் மாறிக் காட்டும் அட்டையும் உள்ளே இருக்கும். மலேசியாவைப் போன்ற ஈரப்பதம் மிக்க நாடுகளில் இப்படி மிகவும் முக்கியம். மூடுபனி சூழ்ந்த மலைநகரில் தேயிலைத்தூள் டப்பாவைத் திறந்துவைத்தால் என்ன ஆகுமோ, அதுவே இரத்தப் பொட்டுக்கும் ஆகும். ஈரம் பட்டால் நொதிகள் மீண்டும் விழித்துக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

நன்கு உலர்ந்த இரத்தப் பொட்டை அபாயப் பொருளாகக் கருத வேண்டியதில்லை என்று அபாயப் பொருள் போக்குவரத்துக்கான ஐக்கிய நாடுகள் விதிமுறைகள் விலக்களிக்கின்றன. ஆகவே, அதனை உறையிலிட்டு அஞ்சலிலேயே அனுப்பலாம். ஆயினும், ஹெபடைடிஸ் பி போன்ற சில நச்சுயிரிகள் உலர்ந்த இரத்தத்திலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே, கையாளுபவர்கள் கையுறையைத் தவிர்க்கக்கூடாது.

ஆய்வுக்கூடத்தில் பொட்டிலிருந்து சிறு வட்டத்துண்டை வெட்டியெடுத்து, ஒரு கரைசலில் ஊறவைக்கின்றனர். தேயிலையிலிருந்து சாறு இறங்குவது போல, உலர்ந்த இரத்தத்திலுள்ள மரபுப்பொருள் கரைசலுக்குள் இறங்குகிறது. அடுத்த மாதிரியை வெட்டுமுன் அதே கருவியால் வெற்றுத்தாளை வெட்டித் தூய்மைப்படுத்துகின்றனர். ஒருவர் மாதிரியின் துகள் இன்னொருவர் மாதிரியில் கலந்துவிட்டால், நோயில்லாக் குழந்தை நோயாளியாகிவிடும் அல்லவா?

விடை திரும்பி வரும் வழி

காகிதம் ஆய்வுக்கூடத்தை அடைந்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக்கூடாது. விடை தாயின் கைக்குத் திரும்ப வேண்டும். பல நாடுகளில் இதுவே பெருந்தடையாக இருந்தது. தாய்மார் நெடுந்தூரம் நடந்து வந்து, ‘இன்னும் வரவில்லை’ என்ற பதிலோடு திரும்பினர். சிலர் பின்னர் வரவே இல்லை.

ஆப்பிரிக்க நாடான ஸாம்பியாவில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘முவானா’ திட்டம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. ‘முவானா’ என்றால் அந்நாட்டு மொழிகளில் ‘குழந்தை’ என்று பொருள். ஆய்வு முடிவுகள் காகிதமாக வராமல், கைப்பேசிக் குறுஞ்செய்தியாகச் சுகாதார நிலையத்தை வந்தடைந்தன. அதனால், முடிவு கிடைக்கச் சராசரியாக 44 நாள் என்றிருந்தது 27 நாளாகக் குறைந்தது. கைக்குழந்தையின் வாழ்வில் பதினேழு நாள் சிறிய காலமன்று.

‘கிருமி உண்டு’ என்ற முடிவு வந்தால், சிகிச்சையைத் தொடங்கும்போதே இரண்டாவது மாதிரி எடுத்து உறுதிசெய்கின்றனர். ‘இல்லை’ என்று வந்தாலும் கண்காணிப்பு தொடர்கிறது. தாய்ப்பால் குடிக்கும் காலம் வரை தொற்றும் வாய்ப்பு இருப்பதே இதற்குக் காரணம்.

பிற நோய்களுக்கும் பயன்

உலர் இரத்தப் பொட்டு எச்.ஐ.வி.யோடு நின்றுவிடவில்லை. தட்டம்மையைக் கண்காணிக்கவும் ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றைக் கண்டறியவும் இது பயன்படுகிறது. நாளத்தில் இரத்தம் எடுக்க வசதியில்லாத இடங்களில் ஹெபடைடிஸ் சோதனைக்கு இம்முறையைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியது.

காகிதம் கடந்தகாலத்தையும் காட்டும். சைட்டோமெகலோ எனும் நச்சுயிரி கருவிலேயே தொற்றினால், சில குழந்தைகளுக்குப் பின்னாளில் செவித்திறன் குறையும். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது காது கேட்கவில்லை என்று தெரிந்தால், கிருமி கருவில் தொற்றியதா, பிறந்தபின் தொற்றியதா என்பதை எப்படி அறிவது? பிறந்தபோது எடுத்துப் பாதுகாத்த கத்ரி அட்டையை மீண்டும் எடுத்துச் சோதித்தால் விடை கிடைக்கக்கூடும். மறந்துபோன ஒரு துளி மூன்றாண்டுக்குப் பின் சாட்சி சொல்கிறது.

குறைகளும் எச்சரிக்கையும்

எந்த முறைக்கும் எல்லை உண்டு. பொட்டில் இருப்பது மிகக் குறைந்த இரத்தம். எனவே, கிருமி மிகக் குறைவாக இருந்தால் சோதனையில் அது தப்பிவிடக்கூடும். கத்ரி அட்டையில் சைட்டோமெகலோ தென்பட்டால் அது கருவில் தொற்றியதற்குச் சான்று; தென்படாவிட்டால், தொற்றவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இரத்தப் பொட்டில் நோயின் அடையாளம் மட்டுமன்று, அம்மனிதரின் மரபணு முழுதும் அடங்கியுள்ளது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பெற்றோரின் இசைவின்றிப் பச்சிளங்குழந்தைகளின் பொட்டுகள் ஆய்வுக்காகச் சேமிக்கப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2009ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஐந்து மில்லியனுக்கும் மேற்பட்ட பொட்டுகளை அழிக்க வேண்டியதாயிற்று. அவை நல்ல ஆய்வுகளுக்கும் உதவியிருக்கும். முன்கூட்டியே கேட்டிருந்தால் பெற்றோர் பலர் இசைந்திருக்கவும் கூடும். ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கும் அதனை வைத்திருப்பதற்கும் இசைவு கேட்பது சடங்கன்று. அது மனிதருக்குத் தரும் மதிப்பு.

எச்.ஐ.வி. போன்ற நோய்களில் இந்த மதிப்பு இன்னும் இன்றியமையாதது. ஊர் வாய்க்கு அஞ்சியே சோதனைக்கு வராத தாய்மார் உண்டு. சோதனை முடிவை மறைவாகக் காப்பது நெறி மட்டுமன்று. அடுத்த தாயைச் சோதனைக்கு வரவழைக்கும் வழியும் ஆகும்.

மலேசியா கண்ட வெற்றி

குழந்தைக்குத் தொற்றியபின் கண்டறிவதைவிடத் தொற்றாமல் தடுப்பதே சிறந்தது. மலேசியச் சுகாதார அமைச்சு 1998ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாய்மாருக்கு எச்.ஐ.வி. சோதனையை நாடு முழுதும் வழங்கி வருகிறது. கிருமி இருப்பது தெரிந்தால் தாய்க்கு உடனே மருந்து தரப்படுகிறது. குழந்தையும் பிறந்ததிலிருந்து பாதுகாக்கப்படுகிறது. இதன் பயனாக, 2018ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசியா ஒரு பெருமையைப் பெற்றது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றைப் பெற்ற முதல் நாடு மலேசியாவே.

இவ்வெற்றி எளிதில் கிட்டியதன்று. கருவுற்ற ஒவ்வொரு தாயும் சுகாதார நிலையத்திற்கு வர வேண்டும். தாதி சோதனையின் நோக்கத்தை விளக்க வேண்டும். இரத்தம் கெடாமல் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். முடிவு தவறாமல் திரும்ப வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒரு குழந்தை விடுபட்டுப்போகும்.

தானா ராத்தாவின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இன்றும் கொழுந்து உலர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றுப் பறித்த இலை அடுத்த ஆண்டு எங்கோ ஒருவரின் கோப்பையில் தன் மணத்தை விரிக்கும். காகிதத்தில் உலர்ந்த இரத்தத்துளியும் மலையையும் ஆற்றையும் கடந்து சென்று தன் செய்தியைச் சொல்லும். அச்செய்தி உரிய நாளில் கிடைத்தால், ஒரு குழந்தை தன் முதல் பிறந்தநாளைக் காணும்.

சொல்வளம்

நச்சுயிரி – வைரஸ். உயிருள்ள அணுக்களுக்குள் புகுந்து பெருகும் நுண்கிருமி
நொதி – உயிர்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள்
எதிர்ப்பொருள் – கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்
மரபுப்பொருள் – ஓர் உயிரின் இயல்புகளைத் தாங்கியுள்ள மூலக்கூறு
வடிதாள் – நீர்மத்தை உறிஞ்சும் தாள்
மாதிரி – சோதனைக்காக எடுக்கப்படும் சிறு பகுதி
நாளம் – இரத்தக் குழாய்
இசைவு – ஒப்புதல்

கருத்துணர்தல்

1. தேயிலைத்தூள் நெடுநாள் கெடாமல் இருப்பதற்கான காரணத்தைப் பனுவலிலிருந்து எடுத்து எழுதுக.
2. 1986ஆம் ஆண்டு நிர்மலா எதிர்கொண்ட சிக்கல்களுள் மூன்றனைக் குறிப்பிடுக.
3. கைக்குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் சோதனை ஏன் சரியான விடையைத் தருவதில்லை?
4. இரத்தப் பொட்டு எடுக்கும்போது செய்யத்தகாதவை யாவை? அவற்றுள் இரண்டனுக்குக் காரணம் கூறுக.
5. ‘மறந்துபோன ஒரு துளி மூன்றாண்டுக்குப் பின் சாட்சி சொல்கிறது.’ இத்தொடரின் பொருளை விளக்குக.
6. டெக்சஸ் மாநிலத்தில் நடந்தவற்றால் நன்மையும் இழப்பும் யாருக்கு? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
7. உம் வட்டாரத்திலிருந்து மிக அருகிலுள்ள பொது மருத்துவமனைக்குச் செல்லும் தூரத்தையும் வழியையும் கண்டறிக. அவ்வழியில் இரத்த மாதிரியை அனுப்ப நேர்ந்தால் எழக்கூடிய சிக்கல்களையும் தீர்வுகளையும் குழுவில் கலந்துரையாடி 120 சொற்களில் எழுதுக.